மிஷன் குழுவினருடன் கடல் கடந்து செல்லலாமா?

(பல்லடத்தில் நடைபெற்ற நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் செய்த உபந்நியாசம்)



பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷகாலம் பிள்ளைகளுக்குச் சரித்திரம் சொல்லிக் கொடுத்ததைத் தவிர வேறு யோக்கியதை ஒன்றும் இல்லாதவனாகிய என்னை இம்மேடையில் ஏற்றியதற்குக் காரணம், சென்ற மாதக் கூட்டத்தின் முடிவில் எழுந்த ஒரு கேள்வியே என்பதை நீங்கள் அறிவீர்கள். அன்று வராதவர்களும், இவ்வெளியீட்டை வீட்டில் இருந்து வாசிக்கும் தாய்மார்களும் அறியும் பொருட்டு அதனை மீண்டும் சொல்லுகிறேன்.

நம்முள் ஒரு குடும்பத்துப் பெண், நர்ஸ் தொழில் கற்றுத் தேர்ந்து, சில வருஷங்களாக ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து வருகிறாள். அவளுடன் வேலை செய்பவர்களுட் சிலர் கிறிஸ்தவ மிஷன் ஒன்றின் சார்பாகக் கிழக்கு ஆப்பிரிக்காவிலுள்ள ஒரு நாட்டுக்கு வைத்தியக் குழுவாகப் புறப்படுகின்றனர். ஆறு மாதம் அங்கே இருந்து, பிரசவப் பகுதியிலும் குழந்தைகள் பகுதியிலும் ஊழியம் செய்து திரும்புவது அவர்கள் ஏற்பாடு. தங்களோடு வரும்படி இப்பெண்ணையும் அழைத்திருக்கிறார்கள். அவளுக்கோ போக மிகுந்த விருப்பம். தாய் சரி என்கிறாள். தந்தை வாய் திறக்கவில்லை. தாயின் தகப்பனார், அதாவது அப்பெண்ணின் அப்பிச்சி, நம் சங்கத்தின் பழைய அங்கத்தினர், அன்று எழுந்து நின்று, "இதுக்கு நம்ம சங்கம் என்னங்க சொல்லுது? போகலாமுங்களா, கூடாதுங்களா?" என்று கேட்டார்.

கூட்டத்தில் பலர் பல விதமாகப் பேசினர். ஒருவர், கூடவே கூடாது என்றார். ஒருவர், படித்த பெண்ணைத் தடுக்க நாம் யார் என்றார். முடிவு காணாமல் கூட்டம் கலைந்தது. இது குறித்துச் சரித்திரம் என்ன சொல்லுகிறது என்பதை எடுத்துச் சொல்லும்படி காரியதரிசி அவர்கள் எனக்குக் கட்டளையிட்டார்கள். நான் கடல் கடந்தவன் அல்லன். ஆயினும் கடந்தவர்களைப் பற்றி ஓரளவு வாசித்தவன். அதனையே உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது, நாம் அஞ்சுவது எதை என்று தெளிவுபடுத்திக் கொள்ள வேண்டும். கடல் கடந்தால் குலாசாரம் கெடும் என்று நம் முன்னோர் காலத்திற் சொல்லியதுண்டு. அப்பேச்சு இன்று இப்பக்கத்தில் செல்லாது. இலங்கைத் தோட்டங்களுக்கும் மலாய் நாட்டுக்கும் பிழைப்புத் தேடிப் போன தமிழர் கதை நம் ஊர்களில் எத்தனை வீடுகளில் சொல்லப்படுகிறது! இங்கிருந்து நாலு காததூரங்கூட இல்லாத திருப்பூரில் தைத்த பனியன் அணியாத தேசம் எது? அவ்வியாபாரத்தின் பொருட்டு நம் பிள்ளைகள் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போய் வருகிறார்கள். அவர்கள் திரும்பி வந்தால் மாலை போடுகிறோம். ஆகவே கடல் நமக்குப் பயம் அன்று. பணத்துக்காகக் கடப்பது சரி, ஊழியத்துக்காகக் கடப்பது தவறு என்று சொல்ல எவருக்கும் நா எழாது.

அப்படியானால் பயம் எதில் இருக்கிறது? இரண்டு விஷயங்களில் இருக்கிறது. ஒன்று, மதம் மாற்றி விடுவார்களோ என்பது. மற்றொன்று, அன்று வெளிப்படையாக எவரும் சொல்லவில்லை, கூட்டம் முடிந்து வெளியே வேப்பமரத்தடியில் நிற்கும்போது அப்பெரியவர் என் காதோடு சொன்னார்: "அவங்க பந்தியில நம்ம பொண்ணைச் சமமா உட்கார வெப்பாங்களா, இல்லே எச்சல் எடுக்க வெப்பாங்களா வாத்தியாரே?" இவ்விரண்டு பயங்களையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

மிஷனரிமாரோடு கடல் கடந்து சென்று, தம் சமயத்தில் அணுவளவும் பிறழாமல் மீண்ட ஒரு தமிழரை நீங்கள் எல்லோரும் பெயரளவில் அறிவீர்கள். அவர் யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர். 1822-ம் வருஷம் டிசம்பர் மாதத்திற் பிறந்த அவர், இளமையில் யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் ஆங்கிலம் கற்றார். அப்பாடசாலைத் தலைவர் பார்சிவல் என்னும் பாதிரியார். அவர் நாவலரின் தமிழறிவைக் கண்டு வியந்து, அங்கேயே ஆசிரியராக அமர்த்திக்கொண்டதோடு, கிறிஸ்தவ வேதத்தைத் தமிழில் பெயர்க்கும் தம் வேலைக்கும் அவரையே துணையாக்கிக் கொண்டார். மொழிபெயர்ப்பு முடிந்தபின், அது தமிழ் வழக்குக்கு ஒத்ததுதானா என்று சென்னையிலுள்ள வித்துவான்களிடம் காட்டித் தீர்ப்புப் பெற வேண்டியிருந்தது. அதன் பொருட்டு 1848-ம் வருஷத்தில் பார்சிவல் பாதிரியாரும் நாவலரும் ஒருமித்துக் கடல் கடந்து சென்னைக்கு வந்தனர். அங்கே மகாலிங்கையர் என்னும் தமிழ்ப் பண்டிதர் அதனை ஆராய்ந்து நன்றென ஏற்றுக்கொண்டார். அம்மொழிபெயர்ப்பு 1850-ல் அச்சாயிற்று.

அன்பர்களே! இப்படிப் பிரயாணம் செய்த நாவலர் என்னவாய்த் திரும்பினார்? கிறிஸ்தவராய்த் திரும்பினாரா? இல்லை. அவ்வருஷத்திலேயே மிஷன் பாடசாலை உத்தியோகத்தை விட்டு விலகி, வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். மறு வருஷம் மீண்டும் சென்னைக்குச் சென்று அச்சியந்திரம் வாங்கி வந்தார். அக்காலத்திலேதான் திருவாவடுதுறை ஆதீனத்தார் அவருக்கு நாவலர் என்னும் பட்டம் சூட்டினர். 1864-ல் சிதம்பரத்திலும் ஒரு வித்தியாசாலை நிறுவினார். பாடசாலை, அச்சுக்கூடம், வாரந்தோறும் பிரசங்கம், சிறுவர்க்கான பால பாடம் ஆகிய இவையெல்லாம் மிஷனரிமார் கையாண்ட முறைகள். அவர்களோடு பழகிப் பழகி அவற்றின் பயனை உணர்ந்த நாவலர், அவற்றைத் தம் சமயத்துக்கும் தமிழுக்கும் ஆக்கிக்கொண்டார். தன்னிடத்தில் உறுதியுள்ளவன் எவரோடு சென்றாலும் தன்னை இழப்பதில்லை. அவர்களிடமுள்ள நன்மையைக் கைக்கொண்டு வருகிறான் என்பதற்கு இதனினும் தக்க உதாரணம் வேண்டுமோ?

வைத்தியத்தைப் பற்றிய பேச்சாதலால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதே யாழ்ப்பாணத்துக்கு 1847-ல் அமெரிக்க மிஷன் அனுப்பிய டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்பவர் மானிப்பாயில் ஆஸ்பத்திரி நடத்தினார். அவர் மேல்நாட்டு வைத்தியத்தை ஆங்கிலத்தில் மாத்திரம் கற்பித்து அமையாமல், தாமே தமிழ் கற்று, தமிழிலேயே மாணவர்க்குக் கற்பித்தார். இரண வைத்தியம், கெமிஸ்தம் முதலான நூல்கள் அவராலும் அவர் மாணவராலும் தமிழில் வெளிவந்தன. அவரிடம் வைத்தியம் கற்றுத் தேறிய தமிழர் அறுபதுக்கு மேற்பட்டவர். தம்மிடம் கற்பவர்கள் நாட்டுடையையும் நாட்டுணவையும் கைவிடலாகாது என்பது அவருடைய விருப்பம். நம் பக்கத்தில் வேலூர் ஆஸ்பத்திரியின் பெயரைக் கேளாத குடும்பம் இல்லை. தீராத வியாதி என்றால் "வேலூருக்குக் கொண்டு போங்கள்" என்கிறோம். ஐடா ஸ்கடர் என்னும் அமெரிக்க மிஷன் மாது, 1918-ல் அங்கே பெண்களுக்கென வைத்தியப் பாடசாலை ஏற்படுத்தினார். பிரசவ வேதனைப்படும் பெண்ணை ஆண் வைத்தியர் தொடலாகாது என்று வீட்டார் மறுத்துப் பெண்கள் உயிர் துறந்த காலம் அது. இன்று நம் வீட்டுப் பெண் பிற தேசத்துப் பெண்களுக்குப் பிரசவம் பார்க்கப் போகிறேன் என்கிறாள். கடல் கடந்து வந்த உபகாரம் ஒன்று, நூறு வருஷம் கழித்து, நம் கையால் கடல் கடந்து போகிறது. கடன் அடைப்பது எந்தக் குலாசாரத்துக்கும் விரோதம் அன்று.

ஆனால் மிஷனைச் சேர்ந்தவர் யாவரும் கிறீனையும் ஸ்கடரையும் போன்றவர் என்று நான் சொல்ல வரவில்லை. நம்மவரை இழிவாக நினைத்தவர்களும், எழுதியவர்களும் உண்டு. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதித் தமிழுக்குப் பெரும் புகழ் தேடித்தந்த கால்டுவெல் அவர்களே, 1849-ல் திருநெல்வேலிச் சீமையின் நாடார் சமூகத்தாரைப் பற்றி எழுதிய சிறு நூலில் அவர்கள் மனம் புண்படும்படியாக எழுதினார். அச்சமூகத்தார் பின்னாளில் அதனைக் கடுமையாகக் கண்டித்தனர். ஆகவே அப்பெரியவர் கேட்ட இரண்டாவது கேள்வி அற்பமான கேள்வி அன்று. "சமமாக உட்கார வைப்பார்களா?" என்னும் அக்கேள்வியை, நூறு வருஷங்களுக்கு மேலாக, உலகம் முழுவதும் கேட்கும்படி ஒரு தமிழர் கேட்டிருக்கிறார். அவர் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதி கேட்கிறேன்.

அவர் பெயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளை என்னும் கிராமத்தில், கால்டுவெல் எழுதிய அதே நாடார் சமூகத்திற் பிறந்தவர். தந்தையார் கிராமத்துக் குருவானவர். சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலையில் வாசித்து, பரீட்சைத் தறுவாயில் நோய்ப்பட்டதால் பட்டம் பெறாமலே வெளிவந்தார். பட்டம் இல்லாதது அவர் வளர்ச்சிக்குத் தடையாகவில்லை. 1895-ல் வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தின் காரியதரிசியாகி ஊர் ஊராகச் சுற்றினார்.

1902-ல் அவர் யாழ்ப்பாணம் போனார். நாவலர் எந்தக் கடலைத் தாண்டி இக்கரை வந்தாரோ, அதே கடலைத் தாண்டி இவர் அக்கரை சேர்ந்தார். அங்கே யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவ வாலிபர்கள், தாங்களே பணம் சேர்த்து, நம் தமிழ்நாட்டுக் கரையிலுள்ள தொண்டிப் பக்கத்துக்கு ஊழியர்களை அனுப்பி வந்தனர். இதனைக் கண்ட அசரியாவுக்கு வெட்கம் பிறந்தது. 'சின்னஞ்சிறு யாழ்ப்பாணத்தார் நம் நாட்டுக்கு ஆள் அனுப்புகிறார்கள்; நாமோ எல்லாவற்றுக்கும் வெள்ளைக்காரர் கையை எதிர்பார்த்து நிற்கிறோம்' என்பதே அவ்வெட்கத்தின் காரணம். ஊர் திரும்பியவுடன், 1903-ம் வருஷம் பிப்ரவரி மாதம் பாளையங்கோட்டையில் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் ஆரம்பமாவதற்கு அவர் முன்னின்றார். இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பதே அச்சங்கத்தின் கொள்கை. நிஜாம் சமஸ்தானத்தில் தெலுங்கு பேசும் தோர்னக்கல் என்னும் இடத்தை அவர்கள் தேர்ந்தெடுத்தனர். 1907-ல் ஜப்பானின் டோக்கியோ நகரில் நடந்த கிறிஸ்தவ மாணவர் மகாநாட்டுக்குச் சென்று வந்த அசரியா, 1909-ல் குருப்பட்டம் பெற்று, மனைவியார் அன்பு மரியம்மாளோடும் குழந்தைகளோடும் தோர்னக்கலுக்கே குடிபெயர்ந்தார். அறியாத பாஷையைக் கற்றார். மாட்டு வண்டியில் கிராமம் கிராமமாகச் சென்றார்.

அடுத்த வருஷம், 1910 ஜூன் மாதத்தில், ஸ்காட்லாந்து தேசத்து எடின்பரோ நகரில் உலக மிஷனரி மகாநாடு கூடியது. பல மிஷன்களிலிருந்தும் வந்த பிரதிநிதிகள் சுமார் ஆயிரத்து இருநூறு பேர். அவர்களில் ஆசியாக் கண்டத்தைச் சேர்ந்தவர் இருபது பேர் அளவே. இந்தியாவைப் பற்றியும் சீனத்தைப் பற்றியும் தீர்மானிக்கக் கூடிய கூட்டத்தில் இந்தியரும் சீனரும் சோற்றில் உப்புப் போல இருந்தனர். வெளிநாட்டு ஊழியரும் உள்நாட்டு ஊழியரும் ஒத்துழைப்பது எப்படி என்னும் பொருள் பற்றிப் பேசும்படி அசரியாவுக்குச் சொல்லப்பட்டிருந்தது. அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்து.

அவர் துதி பாடிவிட்டு இறங்கியிருக்கலாம். அழைத்தவர்கள் அவர்கள், கப்பல் ஏற்றியவர்கள் அவர்கள், சபை அவர்களுடையது. அவர் அப்படிச் செய்யவில்லை. இந்தியாவில் பல இடங்களில் வெள்ளைக்கார மிஷனரிக்கும் இந்திய ஊழியனுக்கும் உள்ள உறவு, சம்பளம் கொடுக்கிற எஜமானுக்கும் வாங்குகிற வேலையாளுக்கும் உள்ள உறவாகவே இருக்கிறதென்று எடுத்துச் சொன்னார். வருஷக்கணக்காக ஒன்றாக ஊழியம் செய்தும், தன் சக ஊழியனாகிய இந்தியனைத் தன் மேசையில் ஒருவேளை உணவுக்கு அழைத்தறியாத மிஷனரிகள் உண்டென்றார். நீங்கள் தந்த தியாகத்துக்கும் தர்மத்துக்கும் நன்றியுள்ளவர்களாக இருக்கிறோம், ஆனால் அவை போதா, எங்களுக்குச் சிநேகிதர் வேண்டும் என்னும் கருத்துப்படச் சொல்லி அமர்ந்தார். சபை கலங்கியது. சிலர் கைதட்டினர், சிலர் முகம் சுளித்தனர். ஆயினும் அம்மகாநாட்டில் பேசப்பட்ட எத்தனையோ பேச்சுக்களில் இன்றளவும் நினைக்கப்படுவது அத்தமிழருடைய பேச்சாகும்.

இரண்டு வருஷங்களில், 1912-ம் வருஷம் டிசம்பர் 29-ந் தேதி, கல்கத்தா பேராலயத்தில் அவர் அத்தியட்சராக அபிஷேகம் செய்யப்பட்டார். ஆங்கிலிக்கன் சபையில் அப்பதவி அடைந்த முதல் இந்தியர் அவரே. இந்தியன் ஒருவனுக்குக் கீழே வெள்ளைக்காரர் வேலை செய்வதா என்று முணுமுணுத்தவர்களும் இல்லாமல் இல்லை. அவர் 1945 ஜனவரி முதல் தேதி தோர்னக்கலிலேயே காலமானார்.

இதனைக் கேட்ட உங்களுட் சிலர், "ஐயா, அவர் கிறிஸ்தவர், தம் மதத்தைப் பரப்பவே உழைத்தவர், அவரை நமக்கு ஏன் சொல்லுகிறீர்?" என்று கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். மறைப்பதற்கு ஒன்றுமில்லை. அவர் மதமாற்றத்தில் நம்பிக்கையுள்ளவர். தோர்னக்கல் பக்கத்தில் மாலா, மாதிகா என்னும் ஒடுக்கப்பட்ட வகுப்பாரிற் பல்லாயிரவர் அவர் காலத்தில் கிறிஸ்தவராயினர். காந்தியடிகள் இத்தகைய மதமாற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. இது விஷயமாக அவ்விருவர்க்கும் கருத்து வேறுபாடு இருந்தது. அதே அசரியா, 1932-ல் ஆங்கில அரசாங்கத்தார் வகுப்புவாரித் தீர்ப்பு வழங்கியபோது, கிறிஸ்தவர்களுக்குத் தனித் தொகுதி வேண்டாம் என்று எதிர்த்தார். தம் கூட்டத்தார் தேசத்தின் பொது வாழ்விலிருந்து பிரிந்து நிற்பது நன்றன்று என்பது அவர் எண்ணம். அவருடைய மதம் நமக்கு வேண்டியதில்லை. நான் உங்களுக்குச் சொல்ல வந்தது அவர் கேட்ட கேள்வி ஒன்றையே.

இங்கேதான், பெரியோர்களே, நான் என் மனச்சாட்சிக்கு அஞ்சி ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. பிழை இருந்தால் பொறுக்க வேண்டும்.

வேப்பமரத்தடியில் அப்பெரியவர் கேட்ட கேள்வியைச் சுமந்துகொண்டு நான் வீடு சேர்ந்தேன். வாசலில் நுழையும்போது மாட்டுத் தொழுவத்தின் கூரை இறப்பு கண்ணிற் பட்டது. நான் சிறுவனாக இருந்தபோது அவ்விறப்பில் ஓர் அலுமினியக் குவளை கவிழ்த்துச் செருகியிருக்கும். தோட்ட வேலைக்கு வருகிறவர்களுக்கு அதில்தான் மோர் வார்ப்பார்கள். குடித்தவரே கழுவி அங்கேயே செருகிவிட்டுப் போவார். என் அம்மாயி நல்ல மனுஷி. பசித்தவருக்கு இல்லை என்று சொன்னதே கிடையாது. ஆனால் அக்குவளை ஒருநாளும் வீட்டுக்குள் வந்ததில்லை. வந்தவர்களுள் ஒருவர் என் தகப்பனாரை விட மூத்தவர். எனக்கு ஏர் பிடிக்கக் கற்றுக் கொடுத்தவர். அவரை நான் பெயர் சொல்லி ஒருமையில் அழைத்தேன். வாத்தியார் வேலை கிடைத்துச் சரித்திரம் போதிக்கத் தொடங்கியும் பல வருஷம் அக்குவளையை எடுத்தெறியும் துணிவு எனக்கு இருந்ததில்லை. மோர் கொடுத்தோம், கூலி கொடுத்தோம், தீபாவளிக்குத் துணி கொடுத்தோம். அசரியா எடின்பரோவில் சொன்ன கணக்குப்படி, நாங்கள் கொடுக்காதது ஒன்றே ஒன்று. அதனைக் கொடுக்க ஒரு காசு செலவில்லை.

வெள்ளைக்காரர் மேசையில் இந்தியனுக்கு இடம் உண்டா என்று அசரியா கேட்டார். மிஷன் பந்தியில் நம் பெண்ணுக்கு இடம் உண்டா என்று நாம் கேட்கிறோம். இக்கேள்வியை நாம் கேட்கும் உரிமை, நம் பந்தியில் பிறர்க்கு இடம் கொடுக்கும்போதுதான் முழுமையாகிறது. நாவலர் பெருமானும் சாதியொழுக்கத்தைக் கைவிட்டவர் அல்லர். அவருடைய காலம் அது. நம்முடைய காலம் வேறு. தீண்டாமையை 1950-ல் நம் அரசியற் சட்டத்தின் பதினேழாம் பிரிவு ஒழித்துவிட்டது. சட்டம் ஒழித்தபின்னும் பழக்கம் ஒளிந்து வாழும் இடங்கள் உண்டு என்பதை நம் பக்கத்து டீக்கடைகளையும் திருமண மண்டபங்களையும் அறிந்தவர்கள் மறுக்க மாட்டார்கள்.

இனி, அப்பெண்ணின் விஷயத்துக்கு வருகிறேன். சரித்திரம் போகலாம் என்றே சொல்லுகிறது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு போகும்படி சொல்லவில்லை. போகுமுன் அவளும் வீட்டாரும் விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய காரியங்கள் சில உள்ளன. இப்படிப் புறப்படும் மற்றப் பிள்ளைகளுக்கும் அவை உதவும்.

முதலாவது, வேலை இன்னதென்பதைக் கடிதத்தில் எழுதி வாங்க வேண்டும். ஆஸ்பத்திரி வேலை மாத்திரமா, அன்றிப் பிரசங்கக் கூட்டங்களிலும் நிற்க வேண்டுமா என்பதைப் புறப்படுமுன்பே கேட்டுவிட வேண்டும். ஜெபத்தின்போது மரியாதையாக மௌனமாயிருப்பது வேறு. தனக்கு நம்பிக்கையில்லாத ஒன்றைப் பிறர்க்குப் போதிப்பது வேறு. முன்னது நாகரிகம், பின்னது பொய். நல்ல மிஷன் எதுவும் இப்படிப்பட்ட பொய்யை விரும்பாது.

இரண்டாவது, விசா. உல்லாசப் பிரயாணி என்று விசா வாங்கிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் வேலை செய்வது பல தேசங்களில் குற்றம். நம் தேசத்திலேயே மதப்பணிக்கென்று வரும் அந்நியர்க்குத் தனி விசா வகை உண்டு. நர்ஸ் தொழில் செய்வதற்கு அந்நாட்டுப் பதிவு அவசியமா என்பதையும் விசாரிக்க வேண்டும். மருந்து மாறிப் போய் ஓர் உயிருக்குத் தீங்கு வந்தால், சேவைக்கு வந்தேன் என்பது அங்கே விடையாகாது.

மூன்றாவது, பாஸ்போர்ட்டு அவள் கையிலேயே இருக்க வேண்டும். பத்திரமாக வைக்கிறோம் என்று எவர் கேட்டாலும் கொடுத்துவிடலாகாது. திரும்பி வரும் விமானச் சீட்டும், நடுவில் மனம் மாறினால் புறப்பட்டு வருவதற்கான பணமும் அவள் வசம் இருக்க வேண்டும். அந்நாட்டிலுள்ள இந்தியத் தூதரகத்தின் விலாசமும் தொலைபேசி எண்ணும் அவளிடமும் வீட்டாரிடமும் எழுதியிருக்க வேண்டும். அந்நாட்டுக்கு வேண்டிய தடுப்பூசிகளையும் முன்னதாகவே போட்டுக்கொள்ள வேண்டும். கிழக்கு ஆப்பிரிக்காவில் மலேரியாக் காய்ச்சல் அதிகம் என்பதால் அதற்குரிய மருந்தும் கைவசம் வேண்டும்.

நான்காவது, இதுவே முக்கியம். அங்கே போனபின், அந்நாட்டுப் பெண்களோடு இவள் எப்படிப் பழகுகிறாள் என்பது. இந்தியாவிலிருந்து வந்த வைத்தியக்காரி என்றால் அங்குள்ளவர்கள் எழுந்து நிற்பார்கள். அப்போது இவள் எஜமானியாகி விடலாகாது. எடின்பரோவில் அசரியா வெள்ளைக்காரரைப் பார்த்துச் சொன்னது, ஆப்பிரிக்காவில் நம் பெண்ணைப் பார்த்தும் சொல்லக்கூடிய வார்த்தையாகிவிடலாகாது. அவர்கள் பாஷையில் நாலு வார்த்தை கற்க வேண்டும். அவர்கள் அடுப்பில் வெந்ததை உண்ண வேண்டும். தன்னோடு வேலை செய்யும் அந்நாட்டு நர்ஸைப் பெயரிட்டு மரியாதையோடு அழைக்க வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் திருப்தியான விடை கிடைக்குமானால் அவள் போகட்டும். விடை தர மறுக்கும் குழுவாக இருந்தால், அது எம்மதத்துக் குழுவாயினும், நம்மவரே நடத்துவதாயினும், போக வேண்டாம். முடிவு அவளுடையது, அவள் வயதும் அறிவும் வந்தவள். சங்கம் செய்யக்கூடியது உத்தரவு போடுவதன்று. நம் கல்வி நிதியிலிருந்து அவளுடைய திரும்பு பிரயாணச் செலவுக்கு ஒரு தொகையைக் கடனாக ஒதுக்கி வைக்கலாம். அங்கே அவள் எவருக்கும் கடமைப்பட்டுத் தலை குனிந்து நிற்க வேண்டியதில்லை என்ற தைரியத்தை அது கொடுக்கும். இதனைத் தீர்மானமாகவே பிரேரேபிக்கிறேன்.

அதனோடு இரண்டாவது தீர்மானம் ஒன்றையும் பிரேரேபிக்கிறேன். நம் சங்கத்தின் வருஷாந்தர விழாவில், சமையலுக்கும் பந்தலுக்கும் துப்புரவுக்கும் உழைக்கிறவர்கள் எல்லோரும் முடிந்தபின் பின்கட்டில் இலை போட்டுக்கொள்வது வழக்கமாக இருக்கிறது. இவ்வருஷம் முதல் அவர்களும் முதற் பந்தியில் நம்மோடு உட்கார வேண்டும். நாம் பரிமாற வேண்டும். சங்கத்தார் சிலருக்கு இது கசக்கும் என்பதை அறிவேன். எடின்பரோவிலும் சிலர் முகம் சுளித்தார்கள்.

முடிக்குமுன் ஒரு செய்தி. இன்று காலை அப்பெரியவர் வீட்டுக்குச் சென்று, நான் பேசப்போவது இன்னதென்று முன்கூட்டியே சொன்னேன். குவளைக் கதையையும் சொன்னேன். அவர் வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "எங்க வீட்டிலேயும் ஒண்ணு இருந்துச்சுங்க வாத்தியாரே" என்றார். சற்றுப் பொறுத்து, "பொண்ணு போகட்டுமுங்க. அங்கே அவளுக்கு இடம் குடுக்கிறாங்களான்னு அவ எழுதுவா. இங்கே நாம என்ன செய்யறோம்னு அவளுக்கு யாரு எழுதறது?" என்று கேட்டார்.

அதற்கு விடை எழுத வேண்டியவர்கள் நாம்.